அரை மணி நேரம் ஓட்டியும் தீவனம் கலக்கவில்லையா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "முந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். விலை கட்டுப்படியாகாமல் தீவனத்தை நானே அரைக்கிறேன். 200 கிலோவுக்கு மக்காச்சோளம் 100, சோயாப் புண்ணாக்கு 44, தவிடு 36, சங்காயக் (விற்பனைக்கு ஆகாத பொடிமீன்) கருவாட்டுத் தூள் 16 கிலோ. மீதி தாது உப்புக் கலவை 3 கிலோ, கல்லுப்பு 600 கிராம், வைட்டமின் 50 கிராம், ரத்தக் கழிச்சல் மருந்து 100 கிராம். நடுவில் ஸ்க்ரூ ஓடும், செங்குத்தாக நிற்கும் மிக்சர், பழையதாக வாங்கியது. அரை மணி நேரம் ஓட்டுகிறேன். ஆனாலும் ஒரே வயதுக் குஞ்சில் சில கொழுகொழு, சில நோஞ்சான். எச்சமும் தண்ணீராகப் போகிறது. இன்னும் நேரம் கூட்டட்டுமா?"

கூட்டவே வேண்டாம். இந்த மாதிரி நின்ற மிக்சருக்கு 12 முதல் 15 நிமிடம் போதும். அதற்குள் கலக்காத சரக்கு ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கலக்காது. கனமான துகளும் லேசான தவிடும் ஓட ஓடப் பிரிந்து போகவும் இடம் உண்டு. உங்கள் சிக்கல் மிக்சருக்கு முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது.

முதலில் கல்லுப்பைப் பார்ப்போம், எனக்குச் சந்தேகம் அங்கேதான். முதல் வாரத்துக் குஞ்சு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம் தீவனம் தின்னும். தீவனத்தில் உப்பு 0.3 சதவீதம் என்றால் அதன் வயிற்றுக்குள் போக வேண்டியது 30 மில்லிகிராம். நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு உப்புக்கல்லின் எடையோ சுமார் 140 மில்லிகிராம். அதைக் கொத்திய குஞ்சு நான்கைந்து நாள் உப்பை ஒரே விழுங்கில் விழுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் குஞ்சுக்கு அன்றைக்கு உப்பே கிடைக்காமலும் போகலாம். முட்டைக்கோழி தினம் நூறு கிராமுக்கு மேல் தின்பதால் இன்றைய குறை நாளை சரியாகிவிடும். குஞ்சுக்கு அந்த வசதி கிடையாது, அதன் ஒவ்வொரு பத்து கிராமிலும் எல்லாமே இருந்தாக வேண்டும்.

நம் கடற்கரையில் உப்பு சும்மா இருக்கவும் இருக்காது. உப்பளத்திலிருந்து வரும் கழுவாத உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும். அதனால் கல்லுப்பை நல்ல வெயிலில் காயவைத்து, மாவாக அரைத்து, சல்லடையில் சலித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். கலக்கிற அன்றைக்கு மட்டும் வெளியே எடுங்கள்.

அதற்கும் முன்னால், உங்களுக்கு அந்த 600 கிராம் உப்பு தேவையா என்பதே கேள்வி. சங்காயம் கடல்தண்ணீரோடு கரைக்கு வந்து மணலில் காய்கிறது. சிலர் உப்புத் தூவியும் காயவைக்கிறார்கள். உங்கள் தூளில் 5 சதவீதம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனத்தில் நீங்கள் சேர்ப்பது 8 சதவீதம் தூள். அப்படியானால் அதிலிருந்தே 0.4 சதவீதம் உப்பு வந்துவிடுகிறது, குஞ்சுக்குத் தேவையானது அவ்வளவுதான். மேலே நீங்கள் போடுவது முழுக்க உபரி. உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரும் உவர்ப்பாக இருந்தால் எச்சம் தண்ணீராகப் போவதில் ஆச்சரியம் இல்லை. தூளைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் தனி உப்பை நிறுத்திவிடுங்கள். சரியான கணக்கு வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்குத் தூளில் ஒரு மாதிரி அனுப்பி உப்பும் மணலும் பார்க்கச் சொல்லுங்கள். மணலை மட்டும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்கிவிட்டு அடியில் என்ன தங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்தது சின்னச் சாமான். 50 கிராம் வைட்டமினை 200 கிலோவில் கலப்பது என்பது நாலாயிரத்தில் ஒன்று. அதைப் பாக்கெட்டோடு மிக்சர் வாயில் கொட்டினால் பாதி தூசியாகப் பறக்கும், மீதி ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். சின்னதைப் பெரிதாக்கி, பிறகுதான் மிக்சருக்கு அனுப்ப வேண்டும். வைட்டமினையும் ரத்தக் கழிச்சல் மருந்தையும் அரை கிலோ மக்காச்சோள மாவில் கையால் நன்றாகப் புரட்டுங்கள். அதோடு இரண்டு கிலோ மாவு சேர்த்து மறுபடி புரட்டுங்கள். அப்புறம் தாது உப்புக் கலவையையும் ஐந்தாறு கிலோ மாவையும் சேர்த்து, தார்ப்பாயில் கொட்டி, நாலு முனையையும் மாற்றி மாற்றித் தூக்கி உருட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ கலவை கிடைக்கும். தோசை மாவில் உப்புக் கரைக்கிற கைப்பக்குவம்தான், அவசரப்படாமல் பத்து நிமிடம் கொடுங்கள்.

ரத்தக் கழிச்சல் மருந்து விஷயத்தில் விளையாட வேண்டாம். உங்களுடையது சலினோமைசின் 12 சதவீதத் தூள் என்றால் 200 கிலோவுக்கு 100 கிராம் சரியான அளவு, டன்னுக்கு 60 கிராம் மருந்து என்று வரும். ஆனால் இந்த வகை மருந்தில் பலன் தரும் அளவும் கெடுதல் செய்யும் அளவும் வெகு தூரத்தில் இல்லை. ஓரிடத்தில் குவிந்தால் அதைத் தின்ற குஞ்சு தீவனம் எடுக்காமல் காலை மடக்கிப் படுத்துவிடும். இதை கிலோக் கணக்குத் தராசில் நிறுக்காதீர்கள், மளிகைக் கடையில் இருக்கும் கிராம் காட்டும் தராசு வேண்டும். வான்கோழியோ குதிரையோ பக்கத்தில் இருந்தால் இந்தத் தீவனம் அவற்றின் வாய்க்குப் போகவே கூடாது. கோழிக்குச் சரியான அளவே அவற்றுக்கு விஷம்.

இப்போது மிக்சர். மக்காச்சோளத்தில் பாதியை முதலில் ஏற்றுங்கள். பிறகு சோயாவில் பாதி, தயார் செய்த அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ, சங்காயத் தூள், தவிடு, கடைசியில் மிச்சமெல்லாம். சின்னக் கலவையை முதலில் போட்டால் ஸ்க்ரூவுக்குக் கீழே உள்ள குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு ஓட்டினாலும் எழாது. எல்லா நின்ற மிக்சரிலும் இந்தக் குழி உண்டு. அதனால் திறந்தவுடன் இறங்கும் முதல் பத்து கிலோவைச் சாக்கில் பிடிக்காமல் மறுபடி மேலே கொட்டி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். ஒரு பண்ணையில் இந்த முதல் பத்து கிலோவையே 'நைசாக இருக்கிறது, குஞ்சுக்கு நல்லது' என்று தனியாக எடுத்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது நைசாக இருந்தது முழுக்கத் தாது உப்பாக இருந்ததால்!

பழைய மிக்சர் என்கிறீர்கள். ஸ்க்ரூவின் ஓரம் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் நழுவுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் ஸ்க்ரூ தூக்கிய சரக்கு மேலே விழுந்து பரவ இடம் இருக்காது, ஒரு சாண் காலியாக விடுங்கள். மக்காச்சோளமும் சங்காயமும் மூன்று மில்லிமீட்டர் சல்லடையில் ஒரே மாதிரி அரைந்திருக்க வேண்டும். ஒன்று குருணை, ஒன்று மாவு என்றால் அவை ஒன்றோடொன்று நிற்காது.

கலந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு எளிய சோதனை இருக்கிறது. கையிலுள்ள பச்சைப்பயறில் 1,000 எண்ணி எடை போடுங்கள், 35 கிராமை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் 20,000 பயறுக்கு உரிய எடையை, அதாவது சுமார் 700 கிராமை, சின்னக் கலவை போடும் கட்டத்தில் 200 கிலோவில் போட்டு ஓட்டுங்கள். இறக்கும்போது தொடக்கம், நடு, முடிவு என்று பத்து இடத்தில் ஒவ்வொரு கிலோ எடுத்துப் பயறை எண்ணுங்கள். கிலோவுக்கு நூறு வர வேண்டும். பத்திலும் சரியாக நூறு வராது. நன்றாகக் கலந்த தீவனத்திலும் தற்செயலாகவே 80 முதல் 120 வரை ஏறி இறங்கும், அதற்குக் கவலைப்படாதீர்கள். 40, 170 என்று வந்தால்தான் கலக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு முறையும் பதினைந்து நிமிடத்தில் ஒரு முறையும் எடுத்துப் பார்த்தால் உங்கள் மிக்சருக்கு எது நேரம் என்பது தெரிந்துவிடும். வைட்டமின் தூள் பயறு மாதிரி நடந்துகொள்ளாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம், இது மிக்சரைப் பற்றித்தான் சொல்லும். பயறு கலந்த தீவனத்தைப் பெரிய குஞ்சுகளுக்குப் போட்டுவிடுங்கள்.

இனி கலந்த பிறகு. சாக்கை டிவிஎஸ் வண்டியில் வைத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டுபோனால் கனமானது கீழே இறங்கி, தவிடு மேலே வந்துவிடும். சாக்கை நிறைய நிரப்பிக் கட்டினால் ஆட்டம் குறையும். கலக்கும் கடைசி நிமிடங்களில் 200 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தெளித்தால் தூள் குருணையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரேயடியாக ஊற்றினால் உருண்டை பிடிக்கும். தட்டில் கொட்டுவதற்கு முன் சாக்கைப் பிரித்துக் கையால் அடிவரை ஒரு புரட்டுப் புரட்டுங்கள். குஞ்சுகள் குருணையைக் கொத்தித் தின்றுவிட்டு மாவை விட்டு வைப்பது வேறு கதை. அதற்கு ஒரு நாளைக்கு ஒரு முறையாவது தட்டு காலியாகிற மாதிரி அளந்து போட வேண்டும். தட்டு போதாமல் நெருக்கடியாக இருந்தாலும் நோஞ்சான் விழும், அதையும் எண்ணிப் பாருங்கள்.

இதே மிக்சரில் முட்டைக்கோழித் தீவனமும் அரைத்தால், நடுவில் பத்து கிலோ வெறும் மக்காச்சோளத்தைப் போட்டு ஓட்டி இறக்கிவிடுங்கள். குஞ்சு மருந்து முட்டைக்குள் போகக் கூடாது. அந்தப் பத்து கிலோவை வீணாக்க வேண்டாம், தனியாகக் கட்டிப் பெயர் எழுதி வைத்து அடுத்த முறை குஞ்சுத் தீவனத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.