பாடப்புத்தகம் இல்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு தொடங்கப் போகிறீர்கள், புத்தகமே இல்லாமல் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தலாம், நான் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் வேலை குறையும் என்று நினைத்து இறங்காதீர்கள். வகுப்புக்கு முன்னால் செய்யும் வேலைதான் குறையும். வகுப்பு முடிந்த பிறகு செய்யவேண்டியது அதைவிட அதிகம்.

பாடம் எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து வரும். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் "ஐ ஆஸ்க்டு லீவ், மேனேஜர் நாட் கிவ்விங்" என்கிறார் என்று வையுங்கள். உடனே திருத்தாதீர்கள். எதற்கு லீவு, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் "ஐ ஆஸ்க்டு ஃபார் லீவ், பட் த மேனேஜர் டிடன்ட் கிவ் மீ எனி" என்று பலகையில் எழுதுங்கள். மற்றவர்களும் எதையாவது கேட்டு, கிடைக்காமல் போயிருக்கும்: முன்பணம், இடமாற்றம், வங்கிக் கடன். ஒவ்வொருவரும் தன் கதையை அதே அமைப்பில் சொல்லட்டும். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மேனேஜராகவும் மற்றவர் லீவு கேட்பவராகவும் பேசட்டும்.

இதோடு விட்டால் அது அரட்டைதான். அன்றிரவே அவர்கள் சொன்னதையும் நீங்கள் கொடுத்த வாக்கியத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியைக் கேளுங்கள். அடுத்த வாரம் அதே கதையை வேறொருவர் "ஹி ஆஸ்க்டு ஃபார்..." என்று சொல்லட்டும். நாலைந்து தடவை திரும்பி வராத வாக்கியம் யார் நாக்கிலும் நிற்பதில்லை. புத்தகம் இல்லாத வகுப்புகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த முறைக்கு டாக்மே என்று ஒரு பெயர் உண்டு. 1995-ல் லார்ஸ் வான் ட்ரையர், தாமஸ் விண்டர்பெர்க் என்ற டென்மார்க் இயக்குநர்கள் செட், செயற்கை விளக்கு, பின்னணி இசை எதுவும் இல்லாமல் படம் எடுப்போம் என்று 'டாக்மே 95' என்ற பெயரில் ஒரு விதிப் பட்டியல் வெளியிட்டார்கள். அதைப் பார்த்து, 2000-ல் ஸ்காட் தார்ன்பரி என்ற ஆசிரியப் பயிற்சியாளர் ஆங்கில வகுப்பையும் அப்படி நடத்தலாமே என்று ஒரு கட்டுரை எழுதினார். உரையாடலை மையமாக வை, உபகரணத்தைக் குறை, பேச்சில் தானாக முளைக்கும் மொழியைப் பிடித்துப் பாடமாக்கு. சாரம் இவ்வளவுதான்.

பேசவே ஆங்கிலம் இல்லாதவர்களை என்ன செய்வது? இதற்குச் சார்லஸ் கரன் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் சொல்ல நினைப்பதைத் தாய்மொழியில் சொல்வார், ஆசிரியர் அவர் பின்னால் நின்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லித் தருவார், அவர் அதைத் திருப்பிச் சொல்ல, அது மட்டும் டேப்பில் பதிவாகும். இன்று செல்போன் போதும். பத்து நிமிடப் பதிவை எழுதி நகல் எடுத்துக் கொடுங்கள். "சார், புக் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கும் கையில் ஒரு தாள் கிடைத்துவிடும், அதுவும் அவர்களே பேசியது.

பெரிய வகுப்பில் உரையாடல் நாலு பேரோடு நின்றுவிடும். அங்கே நம் ஊர்ப் பக்கமே நடந்த ஒரு முயற்சி உதவும். என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம் அது. இலக்கணப் பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப்போல விடை தேடும் வேலைகள்தான். முதலில் ஒன்றை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து செய்வார்கள், பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்வார்கள். வகுப்பில் பாதிப் பேர் பாதி வேலையையாவது சரியாகச் செய்தால் கடினம் சரியான அளவில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. நானும் இன்றுவரை அதையே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மேசையில் மட்டும் ஓர் இலக்கணப் புத்தகம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இஃப்" போட்டுப் பேசும் கற்பனை வாக்கியங்கள் பேச்சில் தானாக அதிகம் வராது. வரவில்லையென்றால், முதலாளியாக இருந்தால் கடையில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டு வரவழையுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் போலத் தேர்வு தேதி குறித்துக்கொண்டு வருபவர்களை மட்டும் இப்படி நடத்தாதீர்கள். அவர்களுக்கு மாதிரி வினாத்தாளும் நேரம் வைத்து எழுதும் பழக்கமும்தான் வேண்டும். அவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்துவிடுங்கள்.