கையால் ஓட்டினால் முழு பேக்கப், கிரானில் ஓட்டினால் 20 பைட்

கேள்வி: உபுண்டு சர்வரில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை இரவு 2 மணிக்கு பேக்கப் எடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, கிரான்டேபில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியல்) போட்டிருக்கிறேன். டேட்டாபேஸை எழுத்தாகக் கொட்டும் மைஎஸ்க்யூஎல்டம்ப் தருவதை பைப் வழியாக, கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு அனுப்பி, தேதியைப் பெயராக வைத்துச் சேமிக்கிறது. நானே டெர்மினலில் ஓட்டினால் 300 எம்பி அளவில் கோப்பு வருகிறது. கிரான் ஓட்டினால் 20 பைட் கோப்புதான் கிடைக்கிறது. எரர் எதுவும் கண்ணில் படவில்லை. 7 நாளுக்கு முந்தைய கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் அழிக்கும் வரியும் அதே ஸ்கிரிப்டில் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: காரணத்தைத் தேடுவதற்கு முன், அந்த ஃபைண்ட் வரியின் தொடக்கத்தில் # போட்டு முடக்குங்கள். ஒவ்வோர் இரவும் ஒரு நல்ல பேக்கப் அழிந்து, அதன் இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பு வந்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஸ்கிரிப்டைக் கையால் ஒருமுறை ஓட்டி, வரும் கோப்பை வேறொரு மெஷினுக்கு நகலெடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அந்த 20 பைட்டே நல்ல துப்பு. ஜிஜிப் கோப்பின் தலைப்பு 10 பைட். உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்ல 2 பைட். கடைசியில் சரிபார்ப்பு எண்ணுக்கும் நீளத்துக்கும் 8 பைட். அதாவது ஜிஜிப்புக்கு ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. மைஎஸ்க்யூஎல்டம்ப் தொடங்கவே இல்லை, அல்லது உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. இந்தக் கோப்பை ஜிஜிப் -டி கொண்டு சோதித்தாலும் சரியாக இருக்கிறது என்றுதான் வரும். காலிக் கோப்பும் முறையான ஜிஜிப் கோப்புதான்.

எரர் தெரியாததற்குக் காரணம், பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடு (வென்றால் 0, தோற்றால் வேறு எண்) எதுவோ அதையே ஷெல் முழு வரிக்கும் எடுத்துக்கொள்வது. முன்னால் நின்ற டம்ப் தோற்றாலும், பின்னால் நின்ற ஜிஜிப் 0 தந்தால் "வெற்றி"தான். டம்ப் எழுதிய எரர் செய்தியைக் கிரான் மெயிலாக அனுப்பப் பார்க்கும். சர்வரில் மெயில் சர்வர் நிறுவியிருக்காவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்தேன் என்று மட்டும் லாகில் எழுதும். ஜர்னல்சிடிஎல் -யூ கிரான் கொடுத்தால் அந்த வரியைப் பார்க்கலாம். கிரான்டேப் வரியின் முடிவில் /டெவ்/நல் (வருவதையெல்லாம் விழுங்கிவிடும் இடம்) என்று போட்டிருந்தால் அந்தத் தடயமும் இருக்காது. அதை எடுத்துவிட்டு >> போட்டு ஒரு லாக் கோப்பின் பாதையையும், அதற்குப் பிறகு 2>&1 என்பதையும் (எரர்களையும் அதே இடத்துக்கு அனுப்பு என்று பொருள்) எழுதுங்கள். 2>&1 முன்னால் வந்தால் எரர்கள் கோப்புக்குப் போகாது.

இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. கிரான் தரும் வெறுமையான சூழலை டெர்மினலிலேயே உருவாக்கலாம். கிரான் வேலை எந்த யூசர் பெயரில் ஓடுகிறதோ அவராக மாறிக்கொண்டு, என்வ் -ஐ என்பதற்குப் பின் ஹோம் மாறிக்கு அவருடைய ஹோம் டைரக்டரியையும், கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் மாறிக்கு /யுஎஸ்ஆர்/பின்:/பின் என்பதையும் மட்டும் கொடுத்து, /பின்/எஸ்எச் வழியாக ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். இரவில் நடப்பது பெரும்பாலும் அப்படியே கண்முன் நடக்கும்.

வரக்கூடிய எரர்களில் முதலாவது "கட்டளை கிடைக்கவில்லை". டெபியன், உபுண்டு கிரானின் இயல்பான பாத்தில் அந்த இரண்டு இடங்கள்தான் உண்டு. மைஎஸ்க்யூஎல்லை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக நிறுவியிருந்தால் சிக்கல் இல்லை. எக்ஸாம்ப் தொகுப்பு வழி வந்திருந்தால் டம்ப் /ஆப்ட்/லாம்ப்/பின் உள்ளே இருக்கும். கிரானுக்கு அது தெரியாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பாத் மாறியை முழுமையாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது "அனுமதி மறுப்பு". உங்கள் விஷயத்தில் இதற்கே வாய்ப்பு அதிகம். பாஸ்வேர்டை ஹோம் டைரக்டரியில் .மை.சிஎன்எஃப் கோப்பில் வைத்திருப்பீர்கள். நீங்கள் ஓட்டும்போது அது கிடைக்கும், ரூட்டின் கிரான்டேபில் ஓடினால் /ரூட் டைரக்டரியில் தேடி ஏமாறும். தலைகீழாகவும் நடக்கும். உபுண்டு தரும் மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ் ரூட்டுக்கு ஆத்_சாக்கெட் முறை. லினக்ஸ் ரூட்டாக வந்தால் பாஸ்வேர்டே கேட்காது. ஆகவே சூடோ போட்டு ஓட்டினால் வேலை செய்யும் ஸ்கிரிப்ட், சாதாரண யூசரின் கிரான்டேபில் தோற்கும்.

ஹோமை நம்பாமல், பேக்கப்புக்கென்றே டேட்டாபேஸில் ஒரு யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைத்து, அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள். அந்தக் கோப்பை டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல் ஆப்ஷனால் காட்டுங்கள். இந்த ஆப்ஷன் எல்லா ஆப்ஷன்களுக்கும் முதலில் வர வேண்டும். நடுவில் வந்தால் டம்ப் ஏற்காது. கட்டளை வரியிலேயே பாஸ்வேர்டு எழுதுவது வேண்டாம். மைஎஸ்க்யூஎல் 8.0.21 முதல் டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களின் தரவு சேமிக்கப்படும் இடம்) விவரங்களை டம்ப் எடுக்க பிராசஸ் உரிமை வேண்டும். புது யூசருக்கு அந்த உரிமையைக் கொடுப்பதைவிட நோ-டேபிள்ஸ்பேசஸ் ஆப்ஷனைச் சேர்ப்பது நல்லது.

கிரானில் பலரையும் மாட்டிவிடும் % குறியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிரான்டேப் வரியில் % வந்தால் அங்கேயே கட்டளை முடிந்ததாகக் கிரான் எடுத்துக்கொள்ளும். முன்னால் \ போட வேண்டும். ஸ்கிரிப்ட் கோப்புக்குள் இந்த விதி கிடையாது. உங்களுக்குத் தேதிப் பெயரோடு கோப்பு உருவாகிறது என்பதால் தவறு இதுவல்ல.

இனி ஸ்கிரிப்டின் வடிவம். முதல் வரியில் #!/பின்/பாஷ் என்று இருக்கட்டும். உபுண்டுவில் 2006 முதல் /பின்/எஸ்எச் என்பது டாஷ். பாஷுக்குரிய பல வசதிகள் அதில் இல்லை. அடுத்த வரியில் செட் -ஓ பைப்ஃபெயில். இது இருந்தால் பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கணக்காகும்.

டம்ப்பை நேராக இறுதிப் பெயரில் எழுதாமல், அதே டைரக்டரியில் .பார்ட் என்று முடியும் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். சோதனைகளில் தேறிய பிறகே எம்வி போட்டு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். ஒரே பார்ட்டிஷனுக்குள் எம்வி வெறும் பெயர் மாற்றம்தான் என்பதால் அரைகுறைக் கோப்பு யார் கண்ணிலும் படாது.

சோதனை இரண்டு போதும். பைப் வெற்றியா? கோப்பின் கடைசி வரியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" இருக்கிறதா? மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுதாக முடித்தால்தான் அந்தக் குறிப்பை எழுதும். ஸ்கிப்-காமென்ட்ஸ் போட்டிருந்தால் வராது, ஆகவே அதை எடுத்துவிடுங்கள். இசட்கேட் வழியாக விரித்து, டெயிலில் கடைசி வரியை எடுத்து, கிரெப்பில் தேடினால் ஆயிற்று. 300 எம்பிக்கு இது ஒரு பாரமே இல்லை. அளவைப் பார்ப்பது இதற்கு ஈடாகாது: பாதியில் அறுந்த டம்ப்பும் 150 எம்பி இருக்கலாம்.

டம்ப்பில் சிங்கிள்-டிரான்சாக்ஷன், ரூட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் மூன்றையும் சேருங்கள். முதலாவது இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான வகை) டேபிள்களைப் பூட்டாமல் ஒரே கணத்தின் நிலையில் எடுக்கும். மற்ற இரண்டும் இல்லாவிட்டால் ஸ்டோர்டு புரொசீஜர்களும் ஈவென்ட்களும் பேக்கப்பில் வராது. டிரிகர்கள் மட்டும் தானாகவே வரும்.

அழிக்கும் வரியை எம்வி வெற்றியான பிறகு ஓடும்படி, அதே இஃப் உள்ளே வையுங்கள். தோற்ற இரவில் எதுவும் அழியக்கூடாது. ஃபைண்டில் எம்டைம் +7 என்றால் முழுதாக 8 நாள் கடந்தவை என்பதையும் கவனியுங்கள். 7 நாள் முடிந்ததும் போக வேண்டுமானால் +6. நேம் ஆப்ஷனால் பேக்கப் கோப்புகளை மட்டும் குறிவையுங்கள்.

முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க, கிரான்டேப் வரியில் ஸ்கிரிப்டுக்கு முன் எஃப்லாக் -என் என்பதும் ஒரு பூட்டுக் கோப்பின் பெயரும் போதும். டைம்டேட்சிடிஎல் போட்டு சர்வரின் நேர மண்டலத்தையும் பாருங்கள். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். அங்கே 2 மணி என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 7.30. இரவு 2 மணிக்கே வேண்டுமானால் 30 20 * * * என்று எழுத வேண்டும்.

எல்லாம் சரியானதும், கிரானே எடுத்த ஒரு கோப்பைச் சோதனை சர்வரில் புது டேட்டாபேஸில் ஏற்றி, முக்கியமான டேபிள் ஒன்றில் ஆகக் கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். அது முந்தைய இரவின் தேதியாக இருந்தால் மட்டும் ஃபைண்ட் வரியின் # குறியை எடுங்கள்.