இரண்டு டிஸ்க்கை உடைத்துப் பார்த்துவிட்டு லாட் முழுவதையும் பாஸ் செய்யலாமா?

கேள்வி: கேஸ் சிலிண்டர் வால்வில் வரும் பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் அளவு மீறினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் மெல்லிய தகடு), ஃப்யூசிபிள் பிளக் (சூட்டில் உருகி வாயுவுக்கு வழிவிடும் உலோக அடைப்பு) ஆகியவற்றை லாட் (ஒரே மாதிரி சேர்த்துச் செய்த தொகுதி) கணக்கில்தான் சோதிக்கிறார்கள். இரண்டு சாம்பிளை உடைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்வது சரியா? விதி என்ன சொல்கிறது?

பதில்:

விதியும் இரண்டு என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த இரண்டை மட்டும் நம்பி எழுதப்பட்ட விதி இல்லை அது.

அமெரிக்க முறையை வைத்துச் சொல்கிறேன். இந்த விஷயத்தை அதிகம் விரித்து எழுதியிருப்பவர்கள் அவர்கள்தான். அங்கே 49 சிஎஃப்ஆர் (அமெரிக்க மத்திய அரசு விதித் தொகுப்பு) 173.301 பிரிவு, சிலிண்டரின் ரிலீஃப் சாதனம், அதாவது அழுத்தத்தை வெளியேற்றும் இந்த டிஸ்க், பிளக் போன்றவை, சிஜிஏ (அமெரிக்காவின் அழுத்த வாயுச் சங்கம்) எஸ்-1.1 தரநிலைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரநிலையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் உண்டு. சிஜி-1 என்றால் டிஸ்க் மட்டும். சிஜி-2 என்றால் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 74 செல்சியஸ்) உருகும் பிளக், சிஜி-3 என்றால் 212 டிகிரியில் (100 செல்சியஸ்) உருகும் பிளக். சிஜி-4, சிஜி-5 இரண்டும் டிஸ்க்கும் உருகும் உலோகமும் சேர்ந்தவை. சிஜி-7 என்பது ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வு.

இவற்றில் ஸ்பிரிங் வால்வை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியும். திறக்கும், மூடும், மறுபடி வேலை செய்யும். அதனால் செட் பிரஷரையும் (திறக்க வேண்டிய அழுத்தம்), மூடிய பிறகு கசிகிறதா என்பதையும் தயாரிப்பிலேயே ஒவ்வொரு வால்வுக்கும் பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரப்பர் சீட் சில நாள் ஒட்டிக்கிடந்திருந்தால் முதல் தடவை சற்று அதிக அழுத்தத்தில்தான் திறக்கும், இரண்டாம் மூன்றாம் தடவைகளில் இறங்கிவிடும். நிஜ வாழ்க்கையில் அந்த வால்வுக்குக் கிடைப்பது முதல் தடவை மட்டும்தான். எனவே ரெக்கார்டில் முதல் அளவு இருக்க வேண்டும். மூன்றின் சராசரி எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

டிஸ்க்கும் பிளக்கும் அப்படியல்ல. சோதித்தால் பொருள் போய்விடும். எல்லாவற்றையும் சோதித்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. லாட் சோதனை என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான்.

டிஸ்க் சோதனை இப்படி. லாட்டிலிருந்து தன்னிச்சையாகக் குறைந்தது இரண்டு டிஸ்க் எடுக்க வேண்டும். அது எந்த உடலில், எந்த நட்டோடும் வாஷரோடும் வேலை செய்யப்போகிறதோ அதே பாகங்களில் பொருத்த வேண்டும். சோதனையின்போது வெப்பநிலை 60 முதல் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (சுமார் 16 முதல் 71 செல்சியஸ்) இருக்க வேண்டும். குறிக்கப்பட்ட வெடிப்பு அழுத்தத்தில் 85 சதவீதம் வரை வேகமாக ஏற்றலாம். அங்கே குறைந்தது 30 விநாடி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நிமிடத்துக்கு 100 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) மிகாமல், உடையும்வரை ஏற்ற வேண்டும். உடைந்த அழுத்தம் குறிக்கப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது, அதன் 90 சதவீதத்துக்குக் கீழேயும் போகக் கூடாது. வரம்புக்கு வெளியே போனால் லாட் நிராகரிப்பு. தயாரிப்பாளர் விரும்பினால் அதே லாட்டிலிருந்து இன்னும் நான்கு எடுத்துச் சோதிக்கலாம். நான்கும் தேறினால் லாட் பிழைக்கும். ஒன்று தவறினாலும் முழு லாட்டும் கழிவுதான். தேறிய லாட்டும் எந்தப் பாகங்களோடு சோதிக்கப்பட்டதோ அந்தப் பாகங்களோடு பயன்படுத்த மட்டுமே தேறியது. இந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதே இல்லை.

எண்ணில் பார்ப்போம். 3ஏஎல்3000 வகை அலுமினிய சிலிண்டர், அதாவது ஸ்கூபா டைவிங்கில் பரவலாகப் பயன்படுவது. சர்வீஸ் பிரஷர் 3000 பிஎஸ்ஐ, டெஸ்ட் பிரஷர் (சிலிண்டரையே சோதிக்கும் அழுத்தம்) அதில் 5/3 பங்கு, அதாவது 5000. டிஸ்க்கும் 5000 என்று குறிக்கப்பட்டது. அது 4500க்கும் 5000க்கும் நடுவில் உடைய வேண்டும். 85 சதவீதம் என்பது 4250. அங்கிருந்து 4750 வரை விதிப்படி ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும், 5000 வரை என்றால் ஏழரை நிமிடம். சோதனைக்கூடத்தில் அவசரப்படும் இடம் இதுதான். கைப்பம்பில் இரண்டு தட்டு தட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் அழுத்தம் துள்ளும். கேஜ் முள் காட்டும் எண் ஒன்று, டிஸ்க் உணர்ந்த உச்சம் வேறு. வேகமாக ஏற்றினால் உலோகம் நீள்வதற்கு நேரம் கிடைக்காமல் உடையும் அழுத்தம் கூடுதலாகத் தெரியவும் செய்யும். 'டெஸ்ட் எடுத்தவர் மாறினால் ரிசல்ட்டும் மாறுகிறது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் ஏற்றும் வேகம்தான் இருக்கும்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டால் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். ஒரு லாட்டில் 5 சதவீதம் பழுது என்று வையுங்கள். எடுத்த இரண்டும் நல்லதாக இருக்க வாய்ப்பு 0.95 பெருக்கல் 0.95, அதாவது 90 சதவீதம். அந்த மோசமான லாட் பத்துக்கு ஒன்பது தடவை தேறிவிடும். 5 சதவீதப் பழுதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க 59 சாம்பிளை உடைக்க வேண்டும். ஆகவே இரண்டு சாம்பிள் என்பது, அங்கங்கே சிதறிக் கிடக்கும் பழுதைத் தேடும் சோதனையே அல்ல. மொத்த லாட்டும் ஒரே பக்கமாக விலகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. தகடு மாறியிருந்தால், டை (வெட்டும் அச்சு) மாறியிருந்தால், வெப்பப் பதப்படுத்தல் தவறியிருந்தால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே விலகும், அப்போது இரண்டே போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானை, ஒரே அடுப்பு என்றிருக்கும்வரைதான் செல்லும்.

அதனால் இன்ஸ்பெக்டராகப் போனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது 'லாட்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை. தகடு ஒரே ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்), ஒரே சுருளா? ஒரே டையில், ஒரே செட்டிங்கில் வெட்டியதா? இடையில் டையைக் கழற்றித் தீட்டினார்களா? தீட்டியிருந்தால் அதற்குப் பிறகு வெட்டியது வேறு லாட். சுருள் முடிந்து புதுச் சுருள் மாட்டினால் அதுவும் வேறு லாட். அன்றைய தேதியில் செய்தவை எல்லாம் ஒரே லாட் என்று எழுதும் இடங்களில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், விட்டம் ஒன்றாக இருக்கும்போது உடையும் அழுத்தம் தடிமனுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் போகும். உதாரணத்துக்கு, தகடு 0.10 மில்லிமீட்டர் என்றால் 0.005 மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலே கூட்டல் கழித்தல் 5 சதவீதம். உங்களுக்கு இருக்கும் மொத்த இடமே 10 சதவீதம்தான். பொருத்தும் விதத்தால் வரும் வேறுபாட்டுக்கு மிச்சம் எதுவும் இல்லை. நல்ல தயாரிப்பாளர் குறி வைப்பது நடுவில், 5000 டிஸ்க் என்றால் 4750 பக்கத்தில். சான்றிதழில் 4960, 4970 என்று இரண்டு எண் இருந்தால் விதிப்படி பாஸ்தான். நான் அந்த லாட்டை வாங்க யோசிப்பேன். இரண்டுமே கூரையை ஒட்டி நின்றால் உடைக்காத மற்றவற்றில் சில கூரைக்கு மேலே இருக்க வாய்ப்பு அதிகம். 'பாஸ்' என்று மட்டும் எழுதிய சான்றிதழில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு டிஸ்க்கும் உடைந்த எண், சோதனை வெப்பநிலை, ஹோல்டர் (டிஸ்க்கைப் பிடித்திருக்கும் பாகம்) பார்ட் நம்பர், டார்க் (நட்டை முறுக்கிய அளவு), தகட்டின் ஹீட் நம்பர் இவ்வளவும் கேட்டு வாங்குங்கள்.

ஆலைகளில் அழுத்தக் கலன்களுக்கு வரும் டிஸ்க்குகளைப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம்) முறையில் லாட்டிலிருந்து குறைந்தது இரண்டை, குறிப்பிட்ட வேலை வெப்பநிலையில் உடைப்பார்கள். 40 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் குறித்த அழுத்தத்தின் இரு பக்கமும் 5 சதவீதம் அனுமதி. சிலிண்டரில் மேல் பக்கம் பூஜ்யம், கீழ்ப் பக்கம் பத்து. காரணம் எளிது: குறித்த எண் சிலிண்டரின் டெஸ்ட் பிரஷர். அதற்கு மேல் போக டிஸ்க்குக்கு உரிமை இல்லை. ஏஎஸ்எம்இ சான்றிதழோடு வந்த டிஸ்க்கை 'அழுத்தம் ஒன்றுதானே' என்று சிலிண்டர் வால்வில் போடக் கூடாததற்கும் இதுவே காரணம்.

பிளக்கில் தலைவலி வேறு மாதிரி. உள்ளே ஊற்றுவது பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் கலந்த உலோகம். 70 செல்சியஸ் அருகே உருகும் கலவையில் காட்மியம் சேரும். பிஸ்மத், ஈயம், தகரம் மட்டும் சரியான விகிதத்தில் கலந்தால் 95 அருகே உருகும். விகிதம் தவறினால் ஒரே புள்ளியில் உருகாமல், ஒரு வெப்பநிலையில் தளர ஆரம்பித்து இன்னும் சில டிகிரி வரை கூழாகவே நிற்கும். கொப்பரையைக் கிளறாமல் ஊற்றினால் முதலில் ஊற்றிய பிளக்கும் கடைசியில் ஊற்றியதும் ஒரே குணத்தில் இருக்காது. ஆகவே இங்கே லாட் என்பது ஒரு கொப்பரை, ஒரு ஊற்று.

பிளக்கில் இரண்டு விதமான சோதனை உண்டு. முதலாவது, உருகும் புள்ளிக்குக் கணிசமாகக் கீழே ஒரு வெப்பநிலையில், அழுத்தத்தின் கீழ் நெடுநேரம் வைத்து, உலோகம் பிதுங்குகிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று பார்ப்பது. இந்தக் கலவைகள் மெத்தென்றவை. சூட்டோடும் அழுத்தத்தோடும் நாள்கணக்கில் மெல்ல நகரும். பிளக் உடலில் தகரப் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை என்றாலோ, உலோகத்தைச் சூடு போதாமல் ஊற்றினாலோ கசிவு இந்தச் சோதனையில் தெரியும். இரண்டாவது, உருகும் வெப்பநிலை. பிளக்கின் உள் பக்கம் 3 பிஎஸ்ஐ அளவுக்குச் சிறிய காற்றழுத்தம் கொடுத்து, திரவத் தொட்டியில் அமிழ்த்தி, கீழ் வரம்புக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தில் பத்து நிமிடமாவது வைத்து, பிறகு மெதுவாக ஏற்றி, முதல் குமிழி சீராக வரும் வெப்பநிலையைக் குறிப்பது. 100 செல்சியஸ் பிளக்குக்கு வெறும் தண்ணீர்த் தொட்டி உதவாது, கிளிசரின் அல்லது எண்ணெய் வேண்டும். கிளறி இல்லாத தொட்டியில் மேலுக்கும் கீழுக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். தெர்மாமீட்டர் பிளக்கை ஒட்டி இருக்க வேண்டும், தொட்டியின் மூலையில் அல்ல.

சிஜி-4, சிஜி-5 சேர்க்கை வகையில் டிஸ்க் லாட்டும் உலோக லாட்டும் தனித்தனியாகத் தேற வேண்டும். இந்த வகை திறக்க வெப்பமும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். கால்வாசி கேஸ் உள்ள சிலிண்டர் தீயில் மாட்டினால் உலோகம் உருகிவிடும், டிஸ்க் உடையும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. அதற்குள் சிலிண்டர் சுவரே பலமிழக்கக்கூடும். லாட் சோதனை எவ்வளவு சரியாக நடந்தாலும் வகைத் தேர்வில் நடந்த தவறு அதில் தெரியாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கேஸ் சிலிண்டர் விதிகள் 2016, பாதுகாப்புச் சாதனம் பொருத்தினால் அது ஐஎஸ் 5903 என்ற இந்தியத் தரநிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது. நச்சு வாயு சிலிண்டர்களில் சாதனமே கூடாது என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் குளோரின் சிலிண்டர் வால்வில் 70 முதல் 74 செல்சியஸில் உருகும் பிளக் இருக்கும், டன் கொள்கலனில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இருக்கும். வெளிநாட்டுச் சிலிண்டரைப் பார்த்து இங்கே முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக, லாட்டில் தேறிய டிஸ்க்கைப் பணிமனையில் கெடுக்கும் வழிகள். அளவுக்கு மீறி முறுக்கினால் விளிம்பில் தகடு நசுங்கி மெலிந்து, குறித்த அழுத்தத்துக்கு வெகு கீழேயே உடையும். முறுக்கு போதாவிட்டால் கசியும், அல்லது தகடு உள்ளே இழுபட்டு எண் மாறும். நட்டைக் கழற்றிவிட்டால் அந்த டிஸ்க் நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி போடக் கூடாது, வாஷரும் புதிதாக வேண்டும். ஒரு டிஸ்க் அடிக்கடி உடைகிறது என்று இரண்டை அடுக்கிப் போடுவதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சிலிண்டரின் டெஸ்ட் பிரஷரைத் தாண்டிய ஒரு சாதனத்தை நீங்களே உருவாக்குவது. உதிரி வாங்கும்போது டிஸ்க், நட், வாஷர் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரிடம், ஒரே அசெம்பிளியாக வாங்குங்கள். பெட்டியில் மிஞ்சிய பழைய லாட் டிஸ்க்குகளைப் புதுப் பெட்டியில் கொட்டாமல் அதன் லாட் நம்பரோடு தனியாக வையுங்கள். கலந்துவிட்டால் கையில் இருக்கும் இரண்டு சான்றிதழும் எந்த டிஸ்க்குக்கும் செல்லாது.