பாட்டு கேட்டால் ஆங்கிலம் காதில் ஏறுமா?

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கேட்டல் பயிற்சிக்காக வாரம் ஒரு பாடவேளை ஹைடெக் லேபில், வரிகள் திரையில் ஓடும் ஆங்கிலப் பாடல்களைப் போடுகிறேன். பிள்ளைகள் வரி பிசகாமல் சேர்ந்து பாடுகிறார்கள். ஆனால் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் காணொளியைப் போட்டால் விழிக்கிறார்கள். பாடல்களை நிறுத்திவிடலாமா?

ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் திரையில் வரிகள் ஓடும்போது பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் வாசிப்பும் மனப்பாடமும்தான். கேட்பதற்கு அங்கே அதிக வேலை இல்லை.

ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெறும் அசைகளே துலக்கமாகக் கேட்கும். இடையில் வரும் சிறுசொற்கள் தேய்ந்து ஒடுங்கிவிடும். 'கேன்' என்று புத்தகத்தில் படித்த மாணவர், பேச்சில் அது 'ஐ கன் கம்' என்று குறுகி ஒலிக்கும்போது அப்படியொரு சொல் வந்ததையே அறிவதில்லை. பாடலிலோ மெட்டுக்காக அதே சிறுசொல் நீண்ட ஸ்வரத்தில் ஏறி நிற்கக்கூடும். பாட்டில் பிடிபட்ட சொல் பேச்சில் நழுவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த கேரலின் கிரஹாம் 1978-இல் வெளியிட்ட 'ஜாஸ் சான்ட்ஸ்' பயிற்சிகளில் மெட்டு கிடையாது. தாளத்தோடு சொல்லப்படும் அன்றாடப் பேச்சுதான் உண்டு. பேச்சின் அழுத்தம் அவற்றில் குலைவதில்லை என்பதால், பாட்டிலிருந்து உரையாடலுக்குப் போகும் வழியில் அவற்றைச் சில வாரம் வைத்துக்கொள்ளலாம்.

பாடல் நன்றாகக் கற்றுத் தருவது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை. 'பிக் இட் அப்' என்ற மூன்று சொற்கள் 'பிக்கிட்டப்' என்று ஒரே மூச்சில் வரும். பாலும் ஆடையும் சேர்ந்து பாலாடை ஆவதைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஆங்கில ஆசிரியர்கள் ஏனோ அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

கோடிட்ட இடம் நிரப்பும் தாளைத் தயாரிக்கும்போது பெரும்பாலோர் கடினமான பெயர்ச்சொற்களை நீக்குகிறார்கள். அவை அழுத்தம் பெற்று வருவதால் காது எளிதில் பிடித்துவிடும். 'டு', 'ஆஃப்', 'ஹேவ்' போன்றவற்றை நீக்கிப் பாருங்கள், பிள்ளைகளின் காது எங்கே தவறுகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

உரையாடல் காணொளியில் ஒரு நிமிடப் பகுதி ஒரு பாடவேளைக்குப் போதும். முதல்முறை வரிகள் இல்லாமல் ஓடவிட்டு, பேசுவோர் யார், எதற்காகப் பேசுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் போட்டுத் தாளை நிரப்பச் சொல்லுங்கள். ஆங்கில வரிகளைத் திரையில் கடைசியாகக் காட்டி, அவர்களே திருத்திக்கொள்ளட்டும். யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைப்பது அந்தத் திருத்தும் நேரத்தில் உதவும். தொடக்கத்திலேயே குறைத்தால் இயல்பான வேகம் பழகாது. தமிழ் வரிகளை மட்டும் எந்தச் சுற்றிலும் போடாதீர்கள். கண் அதைப் படித்துக் கதையைத் தெரிந்துகொண்டுவிடும்.