கோடிங் வகுப்பை நிறுத்தினால் மகள் பின்தங்கிவிடுவாளா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. உடன் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து அவளையும் கணினிக்கு நிரல் (கட்டளைத் தொடர்) எழுதக் கற்பிக்கும் இணையவழி கோடிங் வகுப்பில் சேர்த்தேன். மூன்றே மாதத்தில் இரண்டு செயலிகளை உருவாக்கியதாகச் சான்றிதழ் தந்தார்கள். இப்போது வகுப்பு என்றாலே சலித்துக்கொள்கிறாள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். நிறுத்திவிட்டால் நாளை வேலை கிடைப்பதில் பின்தங்கிவிடுவாளோ? செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் இதைக் கற்பதால் பயன் உண்டா?

பதில்: கட்டணத்தைச் செலுத்த வேண்டாம். உங்கள் மகள் வேலைக்குச் செல்வதற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளாவது இருக்கின்றன. அதுவரை எந்தக் கருவி நிலைக்கும் என்று உறுதி கூற அந்த வகுப்பை நடத்துபவர்களாலும் இயலாது. ஒரு காலத்தில் இணைய விளையாட்டுகளில் பெரும்பகுதி ஃபிளாஷ் என்னும் மென்பொருளில்தான் உருவாக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் 2007-இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் நிரலாக்கக் கருவிகூட, 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷை நம்பியிருந்ததால், 2019-இல் வேறு தொழில்நுட்பத்துக்கு மாற்றி எழுதப்பட்டது. ஆனால் அதில் பழகிய பிள்ளைகள் கற்றுக்கொண்ட சிந்தனை முறையை யாரும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சிந்தனை முறை எதுவென்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஸ்கிராட்சில், கட்டளை எழுதிய நிறக் கட்டைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அதுவே நிரல். எழுத்துப்பிழைக்கு அங்கே இடமில்லை. பூனை ஆப்பிளைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூட வேண்டும் என்று ஒரு குழந்தை கட்டைகளை அடுக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை தொட்டதுமே மதிப்பெண் இருபது, முப்பது என எகிறுகிறது. ‘தொடுகிறதா?’ என்னும் சோதனை முடிவில்லாத சுழற்சிக்குள் இருப்பதால், பூனை ஆப்பிளின் மேல் நிற்கும் ஒவ்வொரு நொடியிலும் அது ஏறத்தாழ முப்பது முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பெண் சேர்கிறது. கணினி பிழை செய்யவில்லை, தான் சொன்னதைத்தான் அது செய்தது என்று குழந்தை உணர்ந்து, தொட்டவுடன் ஆப்பிளை வேறிடத்துக்கு நகர்த்திவிடலாம் என்று தானே கண்டுபிடிக்கும் அந்த அரைமணி நேரம்தான் உண்மையான பாடம். ஆசிரியர் திரையில் காட்டியதைப் பார்த்துப் படியெடுத்த செயலியில் அந்த அரைமணி நேரம் இருப்பதில்லை. (மூன்று மாதத்தில் இரண்டு செயலிகள் என்றவுடன் எனக்கு ஐயம் எழுந்ததும் இதனால்தான்.) அந்தச் செயலிகளில் ஒன்றைத் திறந்து, ஏதேனும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து காட்டுமாறு மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவளால் முடியாவிட்டால் குறை அவளுடையதன்று.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுகிறது என்பது உண்மை. மதிப்பெண் எகிறுவது போன்ற பிழைகளோடும் அது சில நேரம் எழுதுகிறது என்பதும் உண்மை. தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்கவும், கிடைத்தது சரிதானா என்று சோதிக்கவும் தெரிந்தவருக்கே அது நல்ல உதவியாளர்.

ஓரிரு வாரங்கள் கோடிங் பேச்சையே எடுக்காதீர்கள். பிறகு, இலவசமாகவே கிடைக்கும் ஸ்கிராட்சைத் திறந்து வைத்து, அவளுக்குப் பிடித்த கதையையோ விளையாட்டையோ செய்யச் சொல்லுங்கள். அருகில் அமருங்கள், ஆனால் மௌஸைத் தொடாதீர்கள். கட்டைகளால் தான் நினைத்ததைச் செய்ய முடியவில்லை என்று அவளே குறைப்பட்டுக்கொள்ளும்போது, கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் பைதான் என்னும் நிரல் மொழிக்கு மாறலாம். பல பிள்ளைகளுக்கு அது பதினொன்று, பன்னிரண்டு வயதில் வரும். அப்போதும் ஆர்வம் எழவில்லையென்றால் கணக்கும், எதையும் படித்துப் புரிந்துகொண்டு ஒழுங்காக எடுத்துச் சொல்லும் திறனும் வளரட்டும். நிரலாக்கத்தைக் கல்லூரியில் முதன்முறையாகத் தொட்டு, அதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏராளம்.