தனியார் டாக்டரிடம் டிபி சிகிச்சை: அரசு ஊழியர் ஏன் போன் செய்கிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61, எடை 60 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இருமல் ஒரு மாதத்துக்கு மேல் விடாததால் தனியார் நெஞ்சு நோய் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டிபி என்று சொல்லி மருந்து ஆரம்பித்தார். மூன்று வாரம் ஆகிறது. சளிப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் போன் செய்து ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்கிறார். வீட்டுக்கும் வருவேன் என்கிறார். தகவலைக் கொடுத்ததே எங்கள் டாக்டர்தானாம். இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமா? கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மாறித்தான் ஆகவேண்டுமா? அரசு மாத்திரை தரமாக இருக்குமா?

பதில்: மாறத் தேவையில்லை. யாரிடம் வைத்தியம் பார்ப்பது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் டிபி என்று தெரிந்த பிறகு அரசிடம் சொல்லாமல் இருப்பதற்கு டாக்டருக்குச் சட்டத்தில் இடமில்லை. 2012 மே மாதம் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, தனியார் டாக்டர், மருத்துவமனை, லேப் எல்லோரும் டிபி நோயாளிகளைத் தெரிவித்தாக வேண்டும். 2018 மார்ச்சில் அரசிதழில் வந்த அறிவிக்கை மருந்துக் கடைகளையும் இதில் சேர்த்தது. தெரிவிக்காதவர்கள் மீது குற்றவியல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் அதில் வழி இருக்கிறது. எனவே உங்கள் டாக்டர் ரகசியத்தை மீறவில்லை, 'நிக்ஷய்' என்ற அரசு இணையதளத்தில் பெயரைப் பதிந்து தன் கடமையைச் செய்திருக்கிறார். பதிவுக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிந்து பலன் என்ன என்று தெரிவித்தால் இன்னொரு 500 ரூபாய் அவருக்கு ஊக்கத்தொகை உண்டு. பேஷன்ட் கைவிட்டுப் போய்விடுவார் என்று பயந்து பதியாமல் விடுகிற டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுடையவர் பதிந்திருப்பது நல்ல அறிகுறி.

போன் செய்தவர் உண்மையான ஆள்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ஆனவுடன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிக்ஷய் எண் கிடைக்கும். டாக்டரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போன் செய்பவர் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் கேட்கலாம். வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் கேட்பது சரிதான். ஏடிஎம் அட்டை எண், பின் எண் எதையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வருவது அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும் என்று தயங்கினால் அதை நேரடியாகச் சொல்லுங்கள். சுகாதார நிலையத்திலோ டாக்டரின் கிளினிக்கிலோ சந்திக்கிறோம் என்று கேட்பதில் தவறில்லை.

தனியாரிடம் போகிற நோயாளி மேல் அரசுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நம் ஊரில் இருமல் என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்குத்தான். டிபியைக் கண்டுபிடிப்பதும் தவறவிடுவதும் அங்கேதான் நடக்கிறது. இருமலுக்கு லீவோஃப்ளாக்ஸசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் பத்து நாள் கொடுத்துவிட்டால், அது டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கிவிடும். ஆள் தேறியது போலத் தெரியும், சளியில் கிருமி அகப்படாது, நோய் உள்ளே வளரும். மருந்துச் சீட்டுகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1991இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்றில் 100 தனியார் டாக்டர்களிடம் டிபிக்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்டபோது 80 விதமான மருந்துச் சீட்டுகள் வந்தன. இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் அளவில் இன்னும் தப்பு நடக்கிறது, அதற்கு உங்கள் அப்பாவையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

அரசு தருவது நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. ஒரு மாத்திரையில் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எதாம்பியூட்டால் 275 மில்லிகிராம் இருக்கும். எத்தனை மாத்திரை என்பதை எடைதான் முடிவு செய்யும். பெரியவர்களுக்கு 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5, அதற்கு மேல் 6. அப்பாவுக்கு 4 மாத்திரை. அதாவது ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம் போகும். கடையில் கிடைக்கும் சில கிட்களில் (ஒரு நாளுக்கான மருந்து சேர்ந்த பாக்கெட்) ரிஃபாம்பிசின் 450, ஐசோனியசிட் 300, பைரசினமைடு 1500, எதாம்பியூட்டால் 800 என்று எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கும். 60 கிலோ ஆளுக்கு ரிஃபாம்பிசின் 450 என்றால் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம்தான். இருக்க வேண்டியது 8 முதல் 12. அதே கிட்டை 36 கிலோ உள்ள ஒரு பாட்டிக்குக் கொடுத்தால் பைரசினமைடு கிலோவுக்கு 40ஐத் தாண்டும். 20 முதல் 30தான் சரியான அளவு, அதற்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. முதல் ஆளுக்குக் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளலாம், இரண்டாவது ஆளுக்குக் காமாலை வரலாம். எனவே தரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில்: மருந்து அதே நான்கு மருந்துதான், எடைக்கேற்ற அளவில் அரசு மாத்திரை பல கிட்களைவிடத் துல்லியம். அப்பாவின் சீட்டில் ரிஃபாம்பிசின் அளவு என்ன என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிட வேண்டாம்.

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. டாக்டரும் மருந்தும் தனியார், பதிவு மட்டும் அரசில் என்று இப்படியே தொடரலாம். டாக்டர் தனியார், மருந்தும் பரிசோதனையும் அரசில் என்று வைத்துக்கொள்ளலாம். முழுக்க அரசுக்கே மாறலாம். எங்கள் சிபாரிசு இரண்டாவது. உங்களுக்கு நம்பிக்கையான டாக்டர் கையில் இருக்கிறார், மாத்திரைச் செலவு ஆறு மாதத்துக்கு மிச்சமாகிறது, டோஸ் விட்டுப்போனால் தேடி வர ஆளும் இருக்கிறது. டாக்டர் ஒரு சீட்டில் எடை, ஆரம்பித்த தேதி, இதுவரை சாப்பிட்ட நாள், எந்த மருந்து என்று எழுதித் தந்தால் போதும். அதைக் காட்டி அரசின் வட்டார டிபி மையத்தில் (டிபி யூனிட்) மாத்திரை வாங்கலாம். வாங்கும்போது எடையை அங்கேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மாறும்போது கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்காது. சாதாரண டிபிக்கு முதல் கட்டம் 56 நாள், அடுத்த கட்டம் 112 நாள். மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் முதல் கட்டத்தில் இன்னும் 35 நாள்தான் பாக்கி. அதன்பிறகு பைரசினமைடு நிற்கும், மற்ற மூன்றும் தொடரும். நான்கு மாத்திரையையும் ஒரே வேளையில், முடிந்தால் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். காலை இரண்டு, இரவு இரண்டு என்று பிரிப்பது ரிஃபாம்பிசினின் வீரியத்தைக் குறைக்கும். 2024 தொடக்கத்தில் பல மாநிலங்களில் அரசு மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் கையிருப்பு ஒரு வாரத்துக்கு மேல் எப்போதும் இருக்கட்டும். இல்லை என்று கைவிரித்தால் அன்றே டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கடையில் வாங்கிவிடுங்கள்.

சளிப் பரிசோதனை செய்யாததுதான் உங்கள் கடிதத்தில் எங்களுக்கு உறுத்துவது. எக்ஸ்ரே நிழலைக் காட்டும். கிருமி டிபியா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மூலக்கூறு பரிசோதனை. சில மணி நேரத்தில் முடிவு தெரியும், தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் ஆகும், அரசில் இலவசம். தனியாரிடம் பார்ப்பவருக்கும் இலவசம்தான், டாக்டரின் சீட்டு இருந்தால் போதும். மருந்து ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டதால் கிருமி இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கிருமி அகப்பட்டு மருந்துக்குக் கட்டுப்படாத ரகம் என்று தெரிந்தால் ஆறு மாதம் வீணாகாமல் தப்பிக்கலாம். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். திறந்த வெளியில் நின்று எடுங்கள். நுரையாக இருக்கும் எச்சிலை அனுப்பிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று நிம்மதி அடைகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு மில்லியாவது கெட்டியான சளி வேண்டும்.

சர்க்கரை விஷயம் தனி. ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளை, குறிப்பாகக் கிளிக்லசைடு, கிளிமிபிரைடு வகையைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் சர்க்கரை ஏறும். அதற்காகச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருந்து, டிபி மருந்தை நிறுத்திய பின்னும் அதே அளவைத் தொடர்ந்தால் சர்க்கரை தாழும். இரண்டு டாக்டர்களும் தனித்தனியாக மருந்து எழுதுகிற வீட்டில் இது கவனிக்கப்படாமலே போகும். டிபி சீட்டைச் சர்க்கரை டாக்டரிடம் காட்டுங்கள். ஐசோனியசிட்டால் கால் மரத்துப்போகாமல் இருக்க தினம் 10 மில்லிகிராம் பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6) டாக்டர் சேர்த்திருக்கிறாரா என்றும் பாருங்கள். எச்ஐவி பரிசோதனை ஒவ்வொரு டிபி நோயாளிக்கும் செய்வது வழக்கம், கேட்டால் சங்கடப்பட வேண்டியதில்லை.

தனியார் கிளினிக்கால் செய்ய முடியாத ஒரு வேலை வீட்டில் இருக்கிறவர்களைப் பார்ப்பது. கிளினிக்குக்கு வந்தவருக்கு மட்டும்தான் டாக்டர் மருந்து எழுத முடியும், வராத பேரக்குழந்தையை அவர் எங்கே போய்த் தேடுவார்? வீட்டுக்கு வருகிறேன் என்று அந்த ஊழியர் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு தடுப்பு மருந்து கொடுப்பார்கள். தினம் ஐசோனியசிட் ஆறு மாதம், அல்லது வாரம் ஒரு முறை இரு மருந்துக் கூட்டு பன்னிரண்டு வாரம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் நாளைக் கடத்தவே கூடாது. அப்பாவைத் தனியே அனுப்பிவிட வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் (டிபிக்கான தனி மருத்துவமனை) சேர்ந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானதைக் காட்டியது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. காற்றோட்டமான அறை, இருமும்போது வாயை மூடுவது, முதல் சில வாரம் மாஸ்க், இவை போதும்.

பணத்துக்கு வருவோம். நிக்ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து. அதற்கு முன் 500ஆக இருந்தது. இப்போது 3000, 3000 என இரண்டு தவணையாகக் கணக்கில் விழும். தனியாரிடம் பார்ப்பவருக்கும் உண்டு. பணம் வராமல் போவதற்கு வழக்கமான காரணங்கள்: ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் வேறு மாதிரியும் பெயர் இருப்பது, புழக்கத்தில் இல்லாமல் முடங்கிய கணக்கு, வங்கிகள் இணைந்தபின் மாறிப்போன பழைய ஐஎஃப்எஸ்சி. பாஸ்புக்கை இந்த மாதம் பதிவு செய்து அதன் முதல் பக்கத்தைக் கொடுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காமல் இருந்தாலோ எல்லா டிபி மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ எதாம்பியூட்டாலைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போவது, ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்குவது, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதது, மிக மெலிந்து கால் வீங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். தமிழகத்தில் காசநோய் இறப்பைக் குறைக்க 2022இல் தொடங்கிய திட்டம் இதே அறிகுறிகளைத்தான் கண்டறிந்த உடனே பார்க்கச் சொல்கிறது. கிளினிக்கில் இவற்றைப் பார்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

கடைசி மாத்திரை முடிந்ததும் டாக்டர் நிக்ஷயில் சிகிச்சை முடிவைப் பதிந்தாரா என்று கேளுங்கள். அதன்பிறகு 6, 12, 18, 24ஆம் மாதங்களில் இருமலோ எடைக் குறைவோ இருக்கிறதா என்று பார்க்க அழைப்பு வரும். அந்தப் போனையும் எடுங்கள்.