கோடையில் பைன் பழுப்பது: மருந்துக்கு அவசரப்படாதீர்கள்

நடுக்கோடையில் ஊசியிலை பழுக்கிறது, கிளையைத் தட்டினால் அடியில் பிடித்த தாளில் விறுவிறுவென ஓடும் பூச்சிகள் விழுகின்றன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்காதீர்கள். அப்படி ஓடுபவை பெரும்பாலும் இரைபிடிக்கும் பேன்கள், அதாவது சிலந்திப்பேனைத் தின்று மரத்துக்கு நன்மை செய்பவை. பளபளப்பாக, பேரிக்காய் வடிவில் இருக்கும். இலையின் சாற்றை உறிஞ்சிச் சேதம் செய்யும் நுண்ணிய சிலந்திப்பேன் மெதுவாகத்தான் நகரும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஊசியிலை மரங்களின் சிலந்திப்பேன் குளிர்ச்சியை விரும்பும் ரகம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெருகும், வெயிலில் குறையும். நீங்கள் பார்ப்பது வசந்தத்தில் நடந்த சேதம், நிறம் இப்போதுதான் மாறியிருக்கிறது. இரைபிடிப்பவை இரை பெருகிய பிறகே பெருகும், அதனால் எப்போதும் சற்றுப் பிந்தி வரும். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் முதலில் சாவது அவைதான், பிறகு இலையுதிர் காலத்தில் சிலந்திப்பேனைத் தடுக்க ஆளிருக்காது. குளிர்காலத்தில் ஊசியிலை அடியில் சிலந்திப்பேன் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய இருந்தால், அவை பொரியும் முன் தோட்டக்கலை எண்ணெய் (செடிகளில் தெளிக்கவென்றே விற்கும் எண்ணெய்) அடிக்கலாம்.